கல்லூரி விளையாட்டுக்கு வரும் பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

கல்லூரியில் சேரும்போது கொடுக்கும் கட்டண ரசீதை உன்னிப்பாகப் பார்த்தால், நூலகக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் நடுவில் எங்கேயாவது ‘விளையாட்டுக் கட்டணம்’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். பந்தைத் தொடாத மாணவரும் அதைக் கட்டுகிறார். அதில் ஒரு பகுதி கல்லூரியிலேயே தங்கும், ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்குப் போகும். அங்கே போன பிறகு அது கபடி அணியின் ரயில் டிக்கெட் ஆகிறதா, உடற்பயிற்சிக்கூடத்து இரும்பு ஆகிறதா, பரிசளிப்பு விழாப் பந்தல் ஆகிறதா என்பதை யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்கிறார். அந்த முடிவுக்குத்தான் நிதி முன்னுரிமை என்று பெயர். இருக்கிற பணம் எல்லாருக்கும் போதாது என்கிறபோது, எந்தச் செலவு முந்தும், எது காத்திருக்கும், எது இந்த வருஷம் நடக்கவே நடக்காது என்று வரிசை போடுவது.

வரிசை போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது, கடைசி ஸ்ரீவைகுண்டம். தலைமடை நிறைந்த பிறகு கடைமடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைமடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். விளையாட்டுப் பணமும் முறை வைக்காவிட்டால் முதலில் கேட்டவருக்கும் சத்தமாகக் கேட்டவருக்கும் போய்விடும்.

உதாரணத்துக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1990-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து, அபிஷேகப்பட்டியில் அமைந்த அரசுப் பல்கலைக்கழகம். மிகப் பெரியது என்றும் சொல்ல முடியாது, சின்னது என்றும் சொல்ல முடியாது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று நான்கு மாவட்டக் கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. பாளையங்கோட்டையின் சவேரியார், யோவான், சதக்கத்துல்லா அப்பா, சாராள் தக்கர், பேட்டை ம.தி.தா. இந்துக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, திருச்செந்தூர் ஆதித்தனார் கல்லூரி, கேரள எல்லையை ஒட்டிய தூத்தூரில் உள்ள புனித யூதா கல்லூரி என்று பட்டியல் நீளும். கல்லூரிக்கு ஒரு நிர்வாகம், ஊருக்கு ஒரு விளையாட்டு. கீழே வரும் கணக்குகள் எதுவும் இந்தப் பல்கலைக்கழகத்தின் உண்மைக் கணக்கு கிடையாது. விஷயம் புரிவதற்காக நானாக வைத்துக்கொண்ட எண்கள்.

பணம் வரும் வழிகள்

முதல் வழி, மேலே சொன்ன மாணவர் கட்டணம். தொகை சிறிது, ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் வருவது இது ஒன்றுதான். அதனால் இதை நம்பித்தான் திட்டம் போட முடியும்.

இரண்டாவது, அரசு. மாநில அரசு ஊதியம் கொடுக்கும் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநரின் சம்பளம் அந்த வழியில் வந்துவிடும். மைதானம், விடுதி, செயற்கைத் தரை மாதிரியான பெரிய வேலைகள் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வழியாகவோ, மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டம் வழியாகவோ வரும். இந்தப் பணம் பெரியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே வருவது. ஓடுதளத்துக்கு வந்த பணத்தில் முட்டை வாங்க முடியாது.

மூன்றாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு நிகர லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. கூடங்குளத்தில் அணுமின் நிலையம், தூத்துக்குடியில் துறைமுகம், தாழையூத்தில் சிமெண்ட் ஆலை என்று இருக்கிற வட்டாரத்தில் இந்தக் கதவைத் தட்டாமல் இருப்பது நஷ்டம். சும்மா போய் ‘உதவி செய்யுங்கள்’ என்று நின்றால் நடக்காது. எத்தனை பேர், எத்தனை மாதம், என்ன செலவு என்று எழுதிக் கொண்டுபோக வேண்டும்.

பழைய மாணவர் நன்கொடையும் உண்டு. நம் பக்கத்தில் அது பெரும்பாலும் கோப்பையாகவும் சீருடையாகவும் வந்துவிடுகிறது.

பணம் போகும் வழிகள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். முன்னுரிமைச் சண்டை முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நடக்கும். அதில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். பயிற்சி முகாம் போட்டு, தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு அனுப்புவார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இதை நடத்துகிறது. மண்டலத்தில் முன்னணி இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டி. அங்கேயும் முதல் வரிசையில் வந்தால், 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள்.

இந்த ஏணியில் ஒரே ஒரு படிக்கு என்ன செலவாகும் என்று பார்க்கலாம். கபடி அணி என்று வையுங்கள். ஆட்டக்காரர்கள் 12 பேர், பயிற்சியாளர், மேலாளர் சேர்த்து 14. பத்து நாள் முகாமில் ஆட்டக்காரருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு 300 ரூபாய் என்றால் 36,000. பக்கத்து மாநிலத்துக்கு ரயிலில் போய்வர ஆளுக்கு 1,600 என்றால் 22,400. அங்கே ஐந்து நாள் தங்கிச் சாப்பிட ஆளுக்கு நாளொன்றுக்கு 500 என்றால் 35,000. ஜெர்சி, ஷூ, டிராக் சூட் எல்லாம் சேர்த்து ஒரு ஆட்டக்காரருக்கு 2,500 என்றால் 30,000. மருந்து, பேண்டேஜ், ஆட்டோ, சில்லறை என்று ஆறாயிரத்துச் சொச்சம். ஆக ஒரு அணியை ஒரு தடவை வெளியூர் அனுப்பக் கிட்டத்தட்ட 1 லட்சத்து 30 ஆயிரம். இது கஞ்சத்தனமான கணக்கு. ஏசி பெட்டியும் கிடையாது, ஓட்டல் அறையும் கிடையாது.

இப்போது ஆண்கள், பெண்கள் என்று இருபது விளையாட்டில் நாற்பது அணி என்று வைத்தால் 52 லட்சம். 50,000 மாணவர்கள், ஆளுக்கு 100 ரூபாய் பல்கலைக்கழகத்துக்கு வருகிறது என்றால் மொத்த வரவே 50 லட்சம். மைதானத்தில் ஒரு செடி பிடுங்குவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. சில அணிகள் சின்னவை, தடகளம் மாதிரி சிலவை பெரியவை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நிலைமை இப்படித்தான் இருக்கும். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் ‘கட்டணம்தான் வாங்குகிறார்களே, அப்புறம் என்ன’ என்று கேட்கும்போது இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

அடுத்தது, ஒரு முறை செய்யும் செலவுக்கும் தொடர்ந்து செய்யும் செலவுக்கும் உள்ள வேறுபாடு. கட்டடம், செயற்கை ஓடுதளம், ஜிம் கருவி எல்லாம் ஒரு முறைச் செலவு. இதற்குப் பணம் திரட்டுவது ஒப்பீட்டில் எளிது. கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம், அமைச்சர் வந்து திறக்கலாம். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் மார்க்கரின் சம்பளம், தண்ணீர், மின்சாரக் கட்டணம், பந்து, வலை, தினமும் சாயங்காலம் வந்து நிற்கும் பயிற்சியாளர், இதெல்லாம் தொடர் செலவு. இதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை, அதனால் கொடுப்பாரும் குறைவு.

செயற்கை ஓடுதளம் போடுவதற்குப் பல கோடி ஆகும். எட்டு, பத்து ஆண்டில் மேல்தளத்தை மறுபடி போட வேண்டும். சர்வதேசத் தரத்திலான ஹாக்கிச் செயற்கைத் தரைக்கு ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளித்தாக வேண்டும். கரிசல் பூமியில் அது சாதாரணச் செலவில்லை. புதுத் தரைக்கு விண்ணப்பம் எழுதும் அன்றைக்கே, அதைப் பத்து வருஷம் காப்பாற்ற ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று அடுத்த பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த விண்ணப்பம் பாதி விண்ணப்பம்தான்.

அமெரிக்காவில் எப்படி வரிசை போடுகிறார்கள்

கல்லூரி விளையாட்டு என்றாலே உலகம் அமெரிக்காவைத்தான் காட்டும். அங்கே விஷயமே வேறு. என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ் நடக்கும் கல்லூரிப் போட்டிகளில் அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் தொலைக்காட்சி உரிமை, டிக்கெட் என்று பெரும் பணம் வருகிறது. அந்த இரண்டையும் வருவாய் தரும் விளையாட்டு என்றும், நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ் போன்றவற்றை வருவாய் தராதவை என்றும் பிரித்துப் பேசுவார்கள். சம்பாதிக்கிற விளையாட்டுக்கு முதலில் போட்டால், அது சம்பாதித்து மற்றதையும் காப்பாற்றும் என்பது அங்கே சொல்லப்படும் நியாயம்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது அப்படி நடப்பதில்லை. டிவி பணத்தில் புரளும் சில பெரிய பல்கலைக்கழகங்களை விட்டால், நடுத்தர அளவுள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டுத் துறையை மாணவர் கட்டணத்தாலும் பல்கலைக்கழகப் பொதுநிதியாலும்தான் தாங்கிப் பிடிக்கின்றன. 2025 ஜூலையிலிருந்து ஒரு நீதிமன்றத் தீர்வின்படி விளையாட்டு வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நடுத்தரப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பை எட்டிப் பார்ப்பதே கஷ்டம்.

அங்கே இன்னொரு கை வரிசையைப் பிடித்துத் திருத்துகிறது, அது சட்டம். 1972-ல் வந்த, ‘டைட்டில் நைன்’ என்று சொல்லப்படும் சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையத்தில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. விளையாட்டில் ஆண், பெண் பங்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கிறதா என்பது இதில் ஒரு முக்கியமான அளவுகோல். வர்ஜீனியாவில் உள்ள ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம்தான். 2006-ல் இந்தச் சட்டத்துக்கு இணங்குவதற்காக என்று சொல்லிப் பத்து அணிகளைக் கலைப்பதாக அறிவித்தது. ஏழு ஆண்கள் அணி, மூன்று பெண்கள் அணி. மல்யுத்தம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்கக் கால்பந்து அணியைத் தொடவில்லை. சட்டத்தின் மேல் பழியைப் போட்டுப் பெரிய விளையாட்டைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று அப்போதே பலர் வாதாடினார்கள். எனக்கும் அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. பத்து அணியைக் கலைக்கும் முடிவு ஒரு வரிசைதான். அந்த வரிசையின் தலையில் எது உட்கார்ந்திருந்தது என்பதை, எதைத் தொடவில்லை என்பதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நம் பக்கத்தில் கல்லூரி ஆட்டத்துக்கு டிக்கெட்டும் இல்லை, டிவியும் இல்லை. ‘இது சம்பாதித்துக் கொடுக்கும்’ என்று எந்த விளையாட்டையும் முன்னால் நிறுத்த முடியாது. தாழையூத்து சிமெண்ட் ஆலை மைதானத்தில் டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் நடக்கும்போது கூட்டம் வருகிறது, உண்மைதான். அது கல்லூரிப் பெட்டிக்கு வரும் பணம் இல்லை. அதனால் இங்கே வரிசையை வேறு நியாயத்தில் போட வேண்டியிருக்கிறது.

பதக்கக் கணக்கு

நடைமுறையில் இங்கே வரிசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பதக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டில் விளையாட்டில் முதலிடம் பெறும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை கொடுக்கிறார்கள், 1956-57 முதல். அது புள்ளிக் கணக்கு. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவும் மாணவர்கள் வாங்கிய விளையாட்டு விருது, பதக்கம் எத்தனை என்று கேட்கிறது. முதல்வர் மேசையில் அந்தப் படிவம் இருக்கும்போது, பதக்கம் வரும் விளையாட்டுக்குப் பணம் தள்ளிவிடத்தான் தோன்றும்.

பதக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மணத்தியிலிருந்து கிளம்பிப் போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, மறு வருஷம் அர்ஜுனா விருது வாங்கியது இந்த மண்ணில் எத்தனை ஊரில் கபடிக் களத்தைக் கிளப்பிவிட்டது! பதக்கத்துக்கு அந்தச் சக்தி உண்டு. ஆனால் அதை மட்டுமே அளவுகோலாக வைத்தால், ஏற்கெனவே ஜெயித்த அணிக்கே மறுபடி பணம் போகும். புதிதாகத் தொடங்கும் அணி எப்போதும் கடைசியில் நிற்கும். போட்டியாளர் குறைவாக இருக்கும் ஆட்டமாகப் பார்த்து அணி சேர்க்கும் பழக்கமும் வரும். மாணவர் கட்டணம் கட்டிய ஆயிரக்கணக்கான பேரில் விளையாடுகிறவர் முந்நூறு பேர் என்று சுருங்கும்.

இன்னொன்றும் உண்டு. ஜெயித்தவர்களுக்கு இப்போது வேறு வழிகளில் பணம் கிடைக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் வந்தால் 1 லட்சம் ரூபாய். கேலோ இந்தியாவில் தேர்வானால் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம். எல்லாம் நல்ல விஷயங்கள், வரவேற்க வேண்டியவை. ஆனால் கவனியுங்கள், எல்லாமே திறமை தெரிந்த பிறகு வரும் பணம். திறமை தெரிவதற்கு முந்தைய இரண்டு, மூன்று வருஷம் இருக்கிறதே, அந்த இடத்தில் கைகொடுக்க யாரும் இல்லை. அதைச் செய்யக்கூடிய இடத்தில் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் பணம் முதலில் போக வேண்டியது பதக்கத்துக்கு முந்தைய செலவுக்கு என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அந்த முந்தைய செலவு எப்படி இருக்கும்? காலை ஐந்தரை மணி, இன்னும் சரியாக விடியவில்லை. மண் ஓடுபாதையில் பையன்கள் ஓடி முடித்துக் குனிந்து நிற்கிறார்கள். பி.டி. சார் ஒருவனைக் கூப்பிடுகிறார்.

“ஏலே, ஸ்பைக்ஸ் எங்கலே?”

“கிழிஞ்சிட்டு சார். தச்சிக் கொண்டாரேன்.”

“போன வாரமும் இதத்தான சொன்ன.”

“ரெண்டு தடவ தச்சாச்சு சார். மறுபடி வாயப் பொளந்துட்டு.”

ஸ்பைக்ஸ் என்பது அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி. ஒரு ஜோடி இரண்டாயிரம், மூவாயிரம். அந்தப் பையன் வீட்டில் அது பெரிய தொகை. அவன் அப்படியே கேன்வாஸ் ஷூவில் ஓடுவான். தேர்வுப் போட்டியில் அரை விநாடி பின்தங்குவான். பட்டியலில் பெயர் வராது. அதோடு அவனுடைய ஓட்டம் முடிந்தது. எந்தப் பரிசுத் திட்டமும் அவனைத் தேடி வரப் போவதில்லை. ஓடி முடித்ததும் இரண்டு முட்டை, ஒரு கை கொண்டைக்கடலை, ஒரு வாழைப்பழம் கிடைக்கிறதா, இல்லை வெறும் வயிற்றோடு முதல் பாடவேளைக்குப் போகிறானா என்பதும் இதே வகை. தாமிரபரணிக் கரை முழுக்க வாழை. ஓடுகிற பையன் கையில் ஒரு பழம் இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

விடுதியும் பயிற்சியாளரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவில்பட்டியைப் பார்க்கலாம். அங்கே ஹாக்கி தெருவில் வளர்ந்த விளையாட்டு, அகில இந்தியப் போட்டி நடக்கும் ஊர். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அங்கே ஹாக்கிக்கென்று சிறப்பு விடுதி நடத்துகிறது. 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், ஆனால் அந்த விடுதிக்கு வந்து வளர்ந்தவர். அரியலூர்ப் பையனுக்குக் கோவில்பட்டி கொடுத்தது படுக்கை, சாப்பாடு, தரை, தினமும் பார்த்துக்கொள்ளும் ஒரு கோச். ஒவ்வொன்றும் தொடர் செலவு.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஊர் ஏற்கெனவே எதை ஆடுகிறதோ அதன் மேல் கட்டுவது மலிவு. கோவில்பட்டியில் ஹாக்கி, தூத்தூர் வட்டாரத்துக் கடற்கரை ஊர்களில் கால்பந்து, உள்கிராமங்களில் கபடியும் கைப்பந்தும். பத்து வயதில் ஆடத் தொடங்கிய பையன்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுத்தர வேண்டாம், மெருகேற்றினால் போதும். மண்ணில் கபடி ஆடியவனுக்கு மேட் என்கிற விரிப்பின் மேல் ஆடிப் பழக்கம் வேண்டும், அதற்கு ஒரு மேட் வேண்டும். மேட் ஒரு முறைச் செலவு, பல அணிக்கு உதவும். நான்கு மாவட்டத்துக்கும் எல்லாவற்றையும் அபிஷேகப்பட்டியிலேயே குவிக்காமல், எந்த விளையாட்டு எங்கே ஊறியிருக்கிறதோ அங்குள்ள கல்லூரியில் அதற்கான முகாமையும் கருவியையும் வைத்தால் பயணச் செலவும் மிச்சமாகும்.

பெண்கள் அணிக்கு வரும்போது

பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கும் ஒரே தொகை ஒதுக்கினால் சமம் ஆகிவிட்டது என்று நினைப்பது வழக்கம். விளாத்திகுளம் பக்கமோ ராதாபுரம் பக்கமோ ஒரு கிராமத்திலிருந்து வரும் மாணவியை நினைத்துப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, நல்லது. ஆனால் நான்கு மணிக்குக் கல்லூரி முடிந்து ஆறு மணிவரை பயிற்சி என்றால், அதற்கப்புறம் அவள் ஊருக்குப் பஸ் இருக்க வேண்டுமே. வீட்டில் இருட்டுவதற்குள் வா என்பார்கள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இந்த மாணவிக்கு ஜெர்சியை விட விடுதியில் ஒரு இடம் முக்கியம். அல்லது பயிற்சி முடிந்து கொண்டுபோய் விட ஒரு கல்லூரிப் பேருந்து. மைதானத்தை ஒட்டித் தாழ்ப்பாள் உள்ள உடை மாற்றும் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இல்லாவிட்டால், எத்தனை லட்சம் ஒதுக்கினாலும் மாணவிகள் முதல் மாதத்தோடு நின்றுவிடுவார்கள். இவை எந்த விளையாட்டுத் தலைப்பிலும் வராத செலவுகள், அதனால் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் போகின்றன. டைட்டில் நைன் மாதிரி கல்லூரி விளையாட்டுக்கென்று கணக்குக் கேட்கும் சட்டம் நம்மிடம் இல்லை. ஆகவே பட்ஜெட் போடுகிறவர்கள்தான் இதை நினைவில் வைத்தாக வேண்டும்.

பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டைத் தாண்டிய பள்ளி மரபு இருக்கிறது. அங்கிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் மைதானத்தில் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் அந்தப் பட்டியலிலேயே எழுதி வைக்க வேண்டும். தொகை சிறியதாக இருந்தாலும் தனித் தலைப்பாக இருக்க வேண்டும். தனித் தலைப்பு இல்லாத செலவு, பணம் குறையும்போது முதலில் காணாமல் போகும்.

எப்போது முடிவாகிறது, எங்கே கேட்பது

அரசுக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். கல்லூரி ஜூனில் திறக்கும். போட்டிகள் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் குவியும். பல்கலைக்கழக பட்ஜெட் நிதிக்குழு, ஆட்சிக்குழு, ஆட்சிப்பேரவை என்று படி ஏறி நிறைவேறும். ஆக அடுத்த டிசம்பரில் ஓர் அணி ரயில் ஏறுமா என்பது இந்த வருஷத் தொடக்கத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. போட்டிக்கு முந்தின வாரம் போய்க் கேட்டால் ‘நிதி இல்லை’ என்ற பதில்தான் வரும், அது பல நேரம் உண்மையும்கூட. முன்பணம் கைக்கு வராமல், பி.டி. சார் தன் கையிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டு, பில்லை வைத்துச் சரிக்கட்ட மாதக்கணக்கில் அலைவது எல்லாப் பக்கமும் கேள்விப்படும் கதை. இதைத் தீர்க்கப் புதுப் பணம் வேண்டாம். போட்டி அட்டவணை வந்ததும் அணிவாரியாக முன்பணத்தை விடுவிக்கும் ஒரு ஏற்பாடு போதும்.

புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியரோ, அணித் தலைவியோ செய்யக்கூடிய உருப்படியான காரியம், டிசம்பருக்குள் அடுத்த ஆண்டுத் தேவையை எழுத்தில் கொடுப்பது. அதில் தொகையை மட்டும் எழுதாமல் எத்தனை பேர் ஆடுகிறார்கள், அதில் முதலாண்டு மாணவர் எத்தனை, பெண்கள் எத்தனை, தொடர் செலவு எவ்வளவு, ஒரு முறைச் செலவு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். பணம் பாதிதான் வரும் என்றால் எதை விடுவோம், எதை விடமாட்டோம் என்பதையும் அணியே எழுதிக் கொடுத்துவிட்டால், மேலே உட்கார்ந்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வெட்ட வேண்டியிராது.

பெற்றோரும் மாணவரும் கணக்கைப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் அரசுக் கல்லூரிக்கும் பொருந்தும். பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விளையாட்டுக் கட்டணமாக வசூலானது எவ்வளவு, அதில் முகாம், பயணம், உணவு, கருவி, பராமரிப்பு, விழா என்று எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது, பெண்கள் அணிகளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மட்டும் கேட்டால், அந்த வருஷம் ஏதாவது கட்டடம் எழும்பியிருந்தால் எண்கள் குழப்பிவிடும். மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கேட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.